செத்த காலேஜ்

வாசல் ஜாகாக்காரன் ஹமீதாவைப் பார்த்துச் சிரித்து, உடைந்த தமிழில், "ஒடம்பு சௌக்கியமாம்மா இப்ப?" என்று கேட்டான். அவள் உடம்புக்கு ஒன்றும் வந்ததில்லை. பினாங்குக் கரையில் கால் வைத்துப் பத்தொன்பது நாள்தான் ஆகிறது. இந்தக் காவலாளியை அவள் இதற்கு முன் கண்டதுமில்லை.

"வயசாயிடுச்சு லா அவனுக்கு. ஆள் தெரியாமப் பேசுவான். நீ வா," என்றான் அவள் புருஷன் காஜா மொய்தீன், இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவிக்கொண்டே.

சரிதான் என்று விட்டுவிட்டாள். மனசு நிறைந்திருக்கும்போது சின்ன நெருடலையெல்லாம் யார் பொருட்படுத்துகிறார்கள்? கடல் தாண்டிப் பிழைக்கும் சபராளி மாப்பிள்ளைகள் நிக்காஹ் முடிந்த கையோடு பெண்ணை ஊரிலேயே விட்டுவிட்டுக் கப்பலேறிவிடுவதுதான் நாகூர் வழக்கம். மூன்று வருஷத்துக்கொரு தடவை வந்து முகம் காட்டுவார்கள். காஜா மொய்தீன் ஒருவன்தான் பெண்டாட்டியைக் கையோடு கூட்டி வந்தான். பெண் பார்க்க வந்த நாத்தனாரே ஒரு நூலைக் கொண்டுவந்து வளையலுக்குக் கை, செருப்புக்குக் கால், ரவிக்கைக்குத் தோள், கடைசியில் நெற்றிக்கும் தாடைக்கும்கூட நூல் பிடித்துப் பார்த்தாள். "இம்புட்டு அக்கறையான மாப்பிள்ளை யாருக்குடி வாய்க்கும்?" என்று தெருவே வயிறெரிந்தது.

ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று சொன்ன சொல்லையும் காப்பாற்றிவிட்டான். ஜும்ஆ முடிந்ததும் ரிக்‌ஷா பிடித்து மணிக்கூண்டைக் காட்டினான். கோட்டையையும் டவுன் ஹாலையும் கோர்ட்டுக் கட்டடத்தின் வெள்ளைத் தூண்களையும் காட்டினான். கடைசியாக, தான் பியூனாக வேலை பார்க்கும் இந்த சர்க்கார் மியூசியம். வெள்ளிக்கிழமை பொதுஜனத்துக்குக் கிடையாது. அவனிடம் சாவி இருந்தது.

"மெட்ராஸ்ல இதச் செத்த காலேஜ்னு சொல்லுவாங்களாம், மச்சான்," என்றாள் கேலியாக. அவன் சிரிக்கவில்லை. உள்ளே நுழைந்ததும் கதவைப் பூட்டினான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. உயரத்திலிருந்த ஜன்னல்கள் வழியாக இறங்கிய வெளிச்சம் தண்ணீர் கலந்த பாலாகத் தரையில் கிடந்தது. அந்துருண்டை வாடையும் பழந்தோல் வாடையும், அவற்றுக்கடியில் பூட்டி வைத்த வீட்டில் வீசுவது போன்ற வேறொரு வாடையும் மூக்கில் ஏறின. வைக்கோல் திணித்த முதலை, பல் தெரியும் புலி, ஜாடிகளில் வெளுத்துப்போன பாம்புகள் என்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே அவள் அவன் முதுகைப் பின்தொடர்ந்தாள். இரண்டு பேர் காலடிதான் கேட்க வேண்டும். அவன் நின்றான், அவளும் நின்றாள். முன்னே எங்கோ வளையல் ஒன்று மெல்லக் குலுங்கியது.

"மச்சான், உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

"யாருமில்ல. வா."

கடைசிக் கூடத்தில் மிருகங்கள் இல்லை. கண்ணாடிப் பெட்டிகளில் மெழுகு மனிதர்கள் நின்றார்கள். ஒரு மலாய் மீனவர், ஒரு சீன ரிக்‌ஷாக்காரர். மூலையிலிருந்த பெட்டியில், முக்காடும் கருகமணியுமாக ஒரு தமிழ் முஸ்லிம் பெண்.

ஹமீதாவுக்கு முதலில் வெட்கமாக இருந்தது, யாரோ ஊர்க்காரியை இப்படி நிறுத்தி வைத்திருக்கிறார்களே என்று. அப்புறம்தான் அந்த உயரத்தைக் கவனித்தாள். அந்தத் தோளை, அந்தத் தாடையை.

"நம்ம ஆளுக மாதிரியே இருக்கே?"

"எங்க மியூசியத்துத் தொர, துவான், உசிரோட ஒருத்தி முகத்துல மாவு பூசி அச்செடுத்தாரு," என்றான் காஜா மொய்தீன். குரல் தணிந்திருந்தது. "கண்ணாடியில கை வச்சுப் பாரு, புள்ள. சூடா இருக்கும்."

புருஷன் சொன்னான், வைத்தாள். பத்தொன்பது நாளில் அவன் சொன்ன எதைத் தட்டினாள்?

சூடாகத்தான் இருந்தது. காய்ச்சல்காரியின் நெற்றியைப் போல.

அவன் தன் கையை அவள் கைமேல் வைத்து அழுத்தினான்.

"யாரு மச்சான் இது?"

"ருக்கையா. எம் பொஞ்சாதி. அச்செடுத்த அன்னிக்குப் படுத்தவ, எந்திரிக்கல."

அப்போதுதான் ஹமீதாவுக்கு நாத்தனாரின் நூல் நினைவுக்கு வந்தது. அளந்த பிறகல்லவா முடிச்சுப் போடுவார்கள்? அந்த நூலில் முடிச்சுகள் முன்பே இருந்தன. நாத்தனார் அளவெடுக்கவில்லை. ஒத்துப் பார்த்தாள். வீடு வீடாகப் போய், கடைசியில் இவள் வீட்டில் சரியாக இருக்கக் கண்டு, "மாஷா அல்லாஹ்" என்று சொல்லி நூலைச் சுருட்டினாள்.

"கைய விடுங்க."

"கொஞ்ச நேரந்தான், புள்ள. ஒனக்கு வலிக்காது."

"அல்லாவுக்காக விடுங்க மச்சான்! ஒங்கள நம்பித்தானே கடல் தாண்டி வந்தேன்!"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் கையை விடவில்லை. நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்கள். அறுக்கிறவன் கண்ணில் தண்ணீர் நிற்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

கண்ணாடியில் புகைபோல ஒரு வட்டம் படிந்தது.

உள்பக்கம்.

மறைந்தது. மறுபடி படிந்தது. மூச்சு.

மெழுகு இமை அசைந்தது. ஹமீதா கத்தினாள். சத்தம் வரவில்லை. நாக்கு எங்கே? விரல்கள் எங்கே? மழைச் சத்தம் நின்றுபோனது. அந்துருண்டை. காது முழுக்க அடைப்பு. இருட்டு.

பிறகு வெளிச்சம்.

கூடம் அப்படியே இருந்தது. காஜா மொய்தீன் எதிரே நின்றான், ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். அவன் தோளில் சாய்ந்திருந்தாள் ஒருத்தி, ஹமீதாவின் பச்சைச் சேலையில், ஹமீதாவின் உடம்பில். கால்கள் கொஞ்சம் நடுங்கின அவளுக்கு. அவன் அவள் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தி ஏதோ சொன்னான். உதடுகளைப் பார்த்தே ஹமீதாவுக்குப் புரிந்தது. ருக்கையா, ருக்கையா என்றான். ஒரு நாளும் இவளை அப்படிப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

இமைக்க முடியவில்லை. அழவும் முடியவில்லை.

அவன் கூடத்துக் கதவுப் பக்கம் நடந்தான். அவள் உடனே போகவில்லை. பெட்டிக்கு அருகில் வந்து, ஹமீதாவின் கண்களுக்கு நேரே நின்று, கண்ணாடியில் முகம் பார்த்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். புதுக் கன்னத்தை விரலால் தடவி, பிடித்திருந்தது போலத் தலையசைத்தாள். முக்காட்டை நேராக இழுத்துவிட்டுக்கொண்டு, அவன் பின்னால் வீட்டுக்குப் புறப்பட்டாள்.