முதல் இரண்டு எழுத்து

வடிவாம்பாள் ‘தள்’ என்று அடித்ததும் திரையில் சுட்டி தானாகக் கிளம்பியது. ஒரு பெட்டியைத் திறந்தது, கட்டங்களில் டிக் போட்டது, தங்கள் கோரிக்கை தள்ளுபடி செய்யப்படுகிறது என்று எழுதியது, அவள் கையெழுத்தைப் போட்டு அனுப்பியும் விட்டது. திருப்பத்தூரில் யாரோ மொட்டை மாடியில் காயப்போட்ட வடாமின் மீது சரக்குப் பறவி ஒன்று விழுந்திருந்தது. வீட்டுக்கு வீடு பொட்டலம் கொண்டுபோகும் பறவிகள் இப்படி அடிக்கடி விழும். விழுந்ததற்கு இழப்பீடு உண்டா இல்லையா என்று தீர்ப்பதுதான் ஓசூரில் இந்த அலுவலகத்தின் வேலை. அவள் அந்தப் புகாரைப் பாதிதான் படித்திருந்தாள். மீதியைப் படிப்பதற்குள் ஏவலி அடுத்ததைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

ஏவலி என்பது கைவேலையைப் பழகிக்கொள்ளும் இயந்திரம். சுட்டியை எங்கே நகர்த்துகிறோம், எந்த விசையைத் தட்டுகிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளும். அந்த வேலைக்கு ஒரு சொல்லைக் குறுவிசையாக வைத்துவிட்டால் போதும், அப்புறம் சொல்லை அடித்தால் வேலை நடந்துவிடும். முதலில் முழுச் சொல்லையும் அடிக்க வேண்டியிருந்தது. அதுவே நேரத்தைத் தின்கிறது என்று யாரோ கணக்குப் போட்டு, முதல் இரண்டு எழுத்து போதும் என்று ஆக்கினார்கள். மிச்சமான நேரத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம் என்று வடிவு நம்பியிருந்தாள். மிச்சமான நேரத்துக்கு இன்னும் நிறைய புகார் வந்தது.

இன்று அவளுக்கு ஒரே ஒரு வேலைதான் முக்கியம். இன்னும் ஐந்து வருடம் தொடர முடியுமா என்று கேட்டு, பதிலை அடிக்கச் சொல்லி அவளுடைய பணி ஒப்பந்தம் திரையில் வந்து நின்றது. முடியாது என்று சொல்லிவிட்டு, திருவாரூரில் தனியாகக் கிடக்கும் கணவர் தியாகேசனிடம் போய்ச் சேர வேண்டும். இந்த வேலைக்காக அவள் ஓசூர் விடுதிக்கு வந்தபோது மகனின் படிப்பு முடியும் வரைக்கும் என்றுதான் பேச்சு. மகன் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் பண்ணிக்கொண்டாயிற்று. அவள் மட்டும் இங்கேயே உட்கார்ந்திருந்தாள். உடம்பு அலுத்துவிட்டது. உடம்பைவிட மனசு அதிகமாக அலுத்துவிட்டது.

விசைப்பலகையில் ‘மு’ அடித்து, ‘ட’வுக்குப் போன விரலை அவசரமாக இழுத்துக்கொண்டாள். ‘முடி’ அவளே உருவாக்கிய குறுவிசை. திறந்திருக்கும் தாள் எதுவானாலும் காலியிடங்களை நிரப்பி, கையெழுத்திட்டு, ஒப்புதலோடு அனுப்பி முடித்துவிடும். அலுவலகமே அதை எடுத்துக்கொண்டது, அவளுக்குக் கேடயம்கூடக் கொடுத்தார்கள். ‘முடியாது’ என்று அடிக்கப் போனால் பாதியிலேயே அவள் சம்மதித்தவளாகிவிடுவாள். அதை நீக்கலாம் என்றால், நீக்க வேண்டிய குறுவிசையின் பெயரை அடிக்கச் சொல்கிறது ஏவலி. பெயரை அடித்தால் கதை முடிந்தது.

சரி, வேறு சொல்லா இல்லை என்று ‘மாட்டேன்’ அடித்தாள். ‘மாட்’ வந்ததும் ஏவலி பழைய ஒப்பந்தத்தை எடுத்து இணைப்பாக மாட்டியது. ‘வேண்டாம்’ என்பதில் ‘வேண்’ வந்ததும் கூடுதல் நேர வேலை வேண்டி அவள் பெயரில் ஒரு விண்ணப்பம் போயிற்று. ‘இல்லை’யின் ‘இல்’லைப் பார்த்துவிட்டு ஊழியர் இல்லத்தில் அறை கேட்டது. கடைசியில் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்போமே என்று ‘நோ’ அடித்தாள். இரண்டாவது எழுத்து வராததால் நோய்தான் என்று ஏவலியே முடிவு செய்து, வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனைக்கு நேரம் வாங்கித் தந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. நம் ஊர்ப் பேச்சில் மறுப்பு பெரும்பாலும் சொல்லின் வாலில்தான் இருக்கிறது. ஏவலியைச் செய்தவர்களின் மொழியில் அது தலையிலேயே வந்துவிடுமாம், வால் வரை காத்திருக்க அவர்களுக்கு என்ன அவசியம்? அலுவலகத்தில் இத்தனை பேர் இத்தனை வருடமாக நிர்வாகம் கேட்ட எதையுமே ஏன் மறுக்கவில்லை என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

நேராக மேலாளர் ஜெயசிங்கின் அறைக்குப் போனாள். ஜெயசிங் கெட்டவர் இல்லை, நல்லவராக இருக்க அவருக்கு நேரமில்லை, அவ்வளவுதான். இரண்டு திரைகளுக்கு நடுவிலிருந்து தலையை நிமிர்த்தி, என்ன என்பது போல் பார்த்தார்.

“சார், அந்த ஒப்பந்தம் விஷயமா வந்தேன். இனிமே என்னால முடி—”

“முடியும்மா. உங்களால முடியாம வேற யாரால முடியும்?” என்று சொல்லிக்கொண்டே அவர் தன் பலகையில் இரண்டு எழுத்தைத் தட்டினார். “நானே போட்டுட்டேன். போய் வேலையைப் பாருங்க.”

அவள் வாயைத் திறந்தபோது அவர் அடுத்த தாளுக்குப் போய்விட்டிருந்தார். மனுஷனிடமாவது முழுச் சொல்லையும் சொல்லலாம் என்று நினைத்து வந்ததுதான் தப்பு. திரும்பி வந்து பார்த்தாள். ஒப்பந்தத்தில் அவள் கையெழுத்து அழகாக விழுந்திருந்தது. தலைமையகம் வாழ்த்துகூட அனுப்பிவிட்டது.

சாயங்காலம் விடுதிக்கு நடந்துகொண்டிருந்தபோது தியாகேசன் அழைத்தார். சொல்லிவிட்டாயா என்று கேட்டார். சொன்னதாகவும், அதற்குள் நீட்டித்துவிட்டார்கள் என்றும் சொன்னாள். ஏவலி, குறுவிசை என்று ஏதேதோ விளக்கினாள். விளக்க விளக்க அவளுக்கே அலுப்பாக இருந்தது. சீக்கிரம் போய்ப் படுத்தால் போதும் போலிருந்தது. அவர் எல்லாவற்றையும் கடைசி வரை கேட்டார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

“வடிவு, ரெண்டு மாசமா சொல்லணும்னு நெனைக்கிறேன். எனக்கு இங்க தனியா முடி—”

“முடியும்ங்க. இத்தனை வருஷம் இருந்துட்டீங்க, இனிமேலா முடியாம போயிடும்?”

யோசித்துச் சொன்னதல்ல, வாய் தானாகச் சொன்னது. அவர் சரிம்மா என்றார், சாப்பிட்டுவிட்டுப் படு என்றார், வைத்துவிட்டார்.

விடுதிப் படியில் ஏறும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் அந்தச் சொல்லை முடிக்கவில்லை. முடிக்க அவள் விடவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். உடனே திரும்ப அழைத்தாள்.

“என்னங்க, அப்ப நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே. சொல்லுங்க, நான் முழுசாக் கேக்குறேன்.”

“ஒண்ணுமில்ல வடிவு. நீ சொன்னதுதான் சரி,” என்றார் தியாகேசன். “முடியும்.”

அதற்குப் பிறகும் ஏதாவது வருமென்று அவள் ஃபோனைக் காதில் வைத்தபடி காத்திருந்தாள். வரவில்லை.