விட்டிட்டு வராதை

2025 ஜூலை முதலாம் திகதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். வானத்தில் ஒரு முகில் இல்லை, காற்று இல்லை, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரின் ரயில் பாலத்தின் கீழே வரிசையாக இருந்த கராஜ்களின் தகரக் கதவுகளில் கை வைக்க முடியாத சூடு. அவ்வளவு வெயிலிலும், யோகராஜாவின் கராஜுக்குள் நின்ற பழைய பனிவண்டியின், ஸ்னோ ஸ்கூட்டரின், கிளட்ச் மட்டும் வியர்த்திருந்தது.

வியர்த்திருந்தது என்று சொல்வது பிழை, இரும்பு வியர்ப்பதில்லை. குளிர்ந்த உலோகத்தின்மேல் சூடான காற்றுப் பட்டால் நீர்த்துளி படியும். ஆனால் மூன்று நாட்களாக முப்பத்துமூன்று பாகை வெப்பத்தில் நிற்கும் இரும்பு எதற்காகக் குளிர்ந்திருக்க வேண்டும் என்ற கேள்வி அந்த விளக்கத்துக்குள் அடங்கவில்லை. யோகராஜா துணியால் கிளட்சைத் துடைத்தார். துணியைத் திருப்பி நெற்றியையும் துடைத்துக்கொண்டார். மறுபடி பார்த்தபோது துளிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அவருக்கு எரிச்சலாக வந்தது. காலையிலிருந்து எல்லாமே எரிச்சல்தான். வெயிலுக்காகப் பாதி இறக்கிய சுருள்கதவின் மோட்டர் நடுவில் தன்பாட்டில் ஓடி, தரைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றுவிட்டது. ஏற்றவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. அந்த இடைவெளி வழியே உள்ளே விழுந்த வெளிச்சத்தில் வண்டி குந்தியிருக்கும் ஒரு மிருகம்போலத் தெரிந்தது. ஏழரை ஆண்டுகள் ஏரியின் அடியில் கிடந்த வண்டி. சென்ற இலையுதிர்காலத்தில் வடக்கு நோர்வேயின் மீன்பிடிகாரர் சிலர் அதை இழுத்தெடுத்தார்கள். வண்டியை ஓட்டியவர் கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டு, பொலிஸ் அதைக் குடும்பத்திடம் ஒப்படைத்தது.

ஓட்டியவர் அவருடைய தம்பி நிஷாந்தன்.

வண்டியின் இலக்கத் தகடு துருவில் கரைந்துபோயிருந்தது. மீதி இருந்தது எஞ்சினில் பொறித்த இலக்கம் ஒன்றுதான். அது கிளட்சுக்குப் பின்னால் இருந்தது. கிளட்சோ, சாப்பாட்டுத் தட்டளவு அகலமான இரண்டு இரும்புத் தட்டுகளாக, எஞ்சின் தண்டின் கூம்பு முனையில் ஏறி இறுகியிருந்தது. நடுவிலிருந்த போல்ட்டை அவர் முதல் நாளே கழற்றிவிட்டார். இப்போது ஆணியும் இல்லை, பூட்டும் இல்லை. இறுக்கம் ஒன்றே அதைப் பிடித்திருந்தது. நடுத்துளைக்குள் புல்லர் என்ற நீண்ட போல்ட்டை ஏற்றி முறுக்கினால், அதன் நுனி தண்டைத் தள்ளும், கிளட்ச் வெடிபோல ஒரு சத்தத்துடன் கழன்று வரும். வர வேண்டும். முப்பத்தைந்து வருடத் தொழிலில் அவருக்கு வராத கிளட்ச் இருந்ததில்லை.

முதல் நாள் ஒரு புல்லரின் நுனி வளைந்தது. இரண்டாம் நாள் காஸ் நெருப்பால் இருபது நிமிடம் சூடாக்கினார். நெருப்பை எடுத்ததும் கையை வைத்துப் பார்த்தார், குளிர்ந்திருந்தது. இன்று காலை சுத்தியல். ஒவ்வோர் அடிக்கும் வழக்கம்போல, எந்த இறுகிய இரும்புக்கும் சொல்வதைச் சொன்னார்:

"விடடா. விடடா சனியன்."

விடவில்லை.

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. தம்பியின் மனைவி சந்திரவதனா, வெம்பிளியிலிருந்து.

"அத்தான், கழண்டிட்டுதோ?"

"இல்லைப் பிள்ளை. விடுதில்லை."

"அது மூண்டு நாளா விடுதில்லை. நீங்கள் எட்டு வருசமா விடுறியள் இல்லை."

"நம்பரைப் பாக்காமல் நான் கையெழுத்து வைக்கேலாது. வேறை ஆற்றையும் மெஷின் எண்டால்?"

"வடக்கு நோர்வேயிலை ஏரிக்குள்ளை கிடந்த ஸ்கூட்டருக்குப் பின்னாலை பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டினது வேறை ஆர் அத்தான்? வெள்ளைக்காரனோ?"

யோகராஜா வண்டியின் பின்புறத்தைப் பார்த்தார். தும்பிக்கையின் வளைவு மட்டும் எஞ்சியிருந்தது.

"ஸ்டிக்கர் சாட்சி இல்லை" என்றார்.

"லோயர் ஐஞ்சு மணிக்குப் பூட்டிப்போட்டுப் போயிடுவார். இண்டைக்குத்தான் கடைசி. நான் வெளிக்கிட்டிட்டன். வந்து கதவிலை தட்டுவன், பேப்பரைத் தாங்கோ." சற்று நிறுத்தினாள். "நான் பொட்டு வைக்கிறதோ விடுறதோ எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லினம் இல்லை. உங்கடை ஒரு கையெழுத்து, அத்தான். ஒண்டு."

வேலைமேசையில், கிரீஸ் டப்பாவின் கீழே அந்தக் காகிதம் இருந்தது. இரண்டே வாக்கியங்கள். 'நோர்வேயில் யோகராஜா என்ற பெயரில் வாழ்ந்தவர் என் தம்பி நிஷாந்தன் ஆவார். யோகராஜா இறந்துவிட்டார் என்று நான் நம்புகிறேன்.' கீழே கையெழுத்துக்கான கோடு.

1989இல் யோகராஜாவின் பாஸ்போர்ட்டில் விசா இருந்தது; நிஷாந்தனிடம் பாஸ்போர்ட்டே இல்லை. தம்பி அண்ணனின் பெயரில் நோர்வேக்குப் போனான். அண்ணன் பின்னர் வேறு வழியாக, தன் சொந்தப் பெயரிலேயே லண்டனுக்கு வந்து சேர்ந்தார். மீன் பண்ணை வேலை, வீடு, வங்கிக் கணக்கு, ஸ்கூட்டர் எல்லாம் அங்கே யோகராஜாவின் பெயரில். லண்டனில் சந்திரவதனாவைக் கட்டியது மட்டும் நிஷாந்தனாக. ஆகவே ஏரியில் காணாமல் போனவர் யோகராஜா. அரச பதிவுகளின்படி சந்திரவதனாவின் கணவன் காணாமலே போகவில்லை. அவளுக்கு முதல் வாக்கியம் வேண்டும். யோகராஜா பயந்ததும் அந்த முதல் வாக்கியத்துக்குத்தான். பாஸ்போர்ட்டைக் கொடுத்தவர் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுப்பதா?

"செத்தாலும் உன்ரை பேரிலைதான் அண்ணை சாவன்" என்று தம்பி சிரிப்பான். "நீ பிறகு ஆற்றை பேரிலை சாவாய்?"

இன்னொன்றும் இருந்தது. அதை யோகராஜா ஒருவரிடமும் சொல்லவில்லை. 2017 ஏப்ரலில், அந்தப் பின்னேரம், தம்பியின் கடைசி அழைப்பைத் தான் எடுக்கவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். எடுத்திருந்தார். ஒரு வான் வண்டியின் கீழே படுத்தபடி, கையெல்லாம் ஒயிலுடன், எரிச்சலோடு எடுத்திருந்தார்.

"அண்ணை, கிளட்ச் பிடிச்சிட்டுது. விடுதில்லை. ஏரிக்கு நடுவிலை நிக்கிறன். ஐஸ் ஒரு மாதிரிச் சத்தம் போடுது. விட்டிட்டு நடந்து வரட்டோ?"

"விட்டிட்டு வராதை. என்ரை பேரிலை இருக்கிற மெஷின். பொலிஸ் எடுத்து விசாரிச்சால் எல்லாம் வெளியிலை வரும். பிடிச்சுக்கொண்டு நில், ஆரும் வருவினம்."

"ஓம் அண்ணை. பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

அவ்வளவுதான். முப்பது விநாடி இருக்கும்.

யோகராஜா தலையை உதறிக்கொண்டு எழுந்தார். கடைசி வித்தை ஒன்று மீதி இருந்தது. நடுத்துளைக்குள் தண்ணீர் நிரப்பி, புல்லரின் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றி, தண்ணீருக்கு வெளியேற வழியில்லாமல் முறுக்கினால், அடைபட்ட தண்ணீரே கிளட்சைத் தள்ளிக் கழற்றும். வண்டியைப் பலகை கொடுத்துப் பக்கவாட்டில் சரித்தார். துளை வானம் பார்த்தது. அதற்கு அரைக் கோப்பை போதும்.

போத்தலிலிருந்து ஊற்றினார். துளை குடித்தது. அரைக் கோப்பை போயிற்று. ஒரு கோப்பை போயிற்று. தண்ணீர் மட்டம் மேலே வரவில்லை. போத்தல் முடிந்தது. எஞ்சினின் அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார்; எங்கும் ஒழுக்கு இல்லை, காய்ந்த துருத்தூள்தான் விரலில் ஒட்டியது. இரண்டாவது போத்தலைத் திறந்தார். மேலே ரயில் ஒன்று போனது. செங்கல் வளைவு அதிர்ந்து, அந்த அதிர்வு அடங்கிய பின்னும், ஏதோ தொலைவில் பெரிய கண்ணாடி ஒன்று மெதுவாக விரிசல் விடுவதுபோல, நீளமான, தாழ்ந்த, முனகலுக்கும் விசிலுக்கும் இடைப்பட்ட ஒரு சத்தம் இரும்புக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

துளைக்குள் எட்டிப் பார்த்தார். நீர் மேலே வந்துகொண்டிருந்தது. அவர் ஊற்றிய நீர் அல்ல. வெறும் தேநீர் நிறத்தில், சேறும் அழுகிய இலையும் மணக்கும் நீர். அதிலிருந்து எழுந்த குளிர் அவருடைய மூக்கு நுனியை எரித்தது.

போதும் என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் மூன்று நாள் எரிச்சல் அதைவிடப் பெரிதாக இருந்தது. புல்லரில் டேப்பைச் சுற்றினார், சரியாக ஐந்து சுற்று. துளையில் வைத்தார். முறுக்கினார். கால் சுற்று. அரைச் சுற்று. இறுகியது. நீண்ட குழாயை ஸ்பானரில் செருகி, முழு உடம்பையும் அதில் சாய்த்தார்.

ஸ்பானர் திரும்பி வந்தது.

வழுக்கவில்லை. மரை தேயவில்லை. மெதுவாக, நிதானமாக, மறுமுனையில் யாரோ சம பலத்தோடு பிடித்துத் திருப்புவதுபோல, அவருடைய கையைத் தள்ளிக்கொண்டு, கால் சுற்றுத் திரும்பி வந்தது.

அவர் மீண்டும் சாய்ந்தார்.

மீண்டும் திரும்பியது.

"விடடா!" என்று கத்தினார். கராஜ் அந்தச் சொல்லைத் திருப்பித் தந்தது. வாயிலிருந்து வெண்புகை வந்ததை அப்போதுதான் கண்டார். ஜூலை மாதம். தன் மூச்சு, புகையாக.

மண்டியிட்டார். கிளட்சின் ஓரத்தில் நெற்றியை வைத்தார். தோல் ஒட்டிக்கொண்டது.

"நிஷாந்தன்" என்றார் மிக மெதுவாக. "காணுமடா, போதும். விட்டிட்டு வா."

வெடித்தது.

கிளட்ச் தெறித்துத் தரையில் விழுந்து, உருண்டு, சுவரில் மோதி, சுழன்று, சுழன்று, அடங்கியது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. தெருவின் சத்தமும் இல்லை.

கைவிளக்கை எடுத்தார். எஞ்சினில் இலக்கம் தெளிவாக இருந்தது. ஏழு எண்கள். வண்டியின் நோர்வேப் பதிவுக் காகிதத்தில் இருந்த இலக்கத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். மறுபடி ஒப்பிட்டார். ஏழும் சரி.

வெளிச்சம் தண்டின் கூம்பு முனையில் விழுந்தது. இரும்போடு இரும்பு இறுகி, மயிரிழையும் நுழைய முடியாத இடம். அது துருவில்லாமல் மின்னியது. அதைச் சுற்றி, ஈரமாக, நான்கு விரல்களின் தடம். எதிர்ப்பக்கம் ஒரு பெருவிரல்.

தட்டும் சத்தம் கேட்டது. தகரக் கதவில். மூன்று தரம்.

சந்திரவதனா. நல்ல காலம். யோகராஜா மேசைக்கு ஓடினார். காகிதத்தை இழுத்தார். பேனாவை எடுத்தார். தம்பி இறந்துவிட்டான், இனி அதில் சந்தேகம் இல்லை. எழுதிக் கொடுத்துவிடலாம். முதல் வாக்கியத்தைப் பார்த்தார். பாஸ்போர்ட். விசாரணை. முப்பத்தாறு வருடமாக மறைத்தது.

மூன்று தரம்.

"நில்லு பிள்ளை, வாறன்!"

முதல் வாக்கியத்தின்மேல் ஒரு கோடு இழுத்தார். அடிமட்டம் வைத்ததுபோல நேரான கோடு. கையெழுத்து வைத்தார். எஞ்சியதை வாசிக்க நேரமில்லை. கதவடியில் குனிந்து, அந்த ஒரு சாண் இடைவெளியால் காகிதத்தை வெளியே நீட்டினார்.

"இந்தா. வைச்சிட்டன். கொண்டு போ."

மறுமுனையில் காகிதம் பிடிபட்டது.

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. இடக்கையால் எடுத்தார்.

"அத்தான், ரயில் இடைவழியிலை நிண்டிட்டுது, வெயிலாம்." சந்திரவதனாவின் குரல். பின்னால் ஆட்களின் சலசலப்பு. "இன்னும் அரை மணித்தியாலமாவது செல்லும். கையெழுத்து வைச்சிட்டியளோ?"

அவர் காகிதத்தில் கோடு படாமல் எஞ்சியிருந்த ஒரே வாக்கியத்தை, இப்போது, தலைகீழாக வாசித்துக்கொண்டிருந்தார். யோகராஜா இறந்துவிட்டார். கீழே கையெழுத்து: யோகராஜா.

இடைவெளிக்கு அப்பால், கொதிக்கும் தாரின்மேல், இரண்டு பனிச்சப்பாத்துகள். அவற்றைச் சுற்றித் தேநீர் நிற நீர் தேங்கிக்கொண்டிருந்தது. காயவில்லை.

காகிதம் உள்ளிருந்து வெளியே நழுவியது. நான்கு விரல்கள் அதைத் தாண்டி வந்தன. அவருடைய மணிக்கட்டைச் சுற்றின. பெருவிரல் எதிர்ப்பக்கம்.

"அத்தான்? அத்தான், கேக்குதோ?"

"ஓம் அண்ணை" என்றது கதவுக்கு வெளியே. "பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."