அட்டாச்மெண்ட் இல்லாத வீடு

அன்று காலை பெரியம்மாள் சட்டினிக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். கணவர் ரத்தினசாமி ஆறு இட்லியையும் அதே சட்டினியில் தொட்டுத் தின்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு தோப்புக்குக் கிளம்பினார். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை கிடையாது!

"பாத்தயா கண்ணு? உப்பில்லீன்னு திட்டவாவது வாயைத் தொறந்தாரா? முப்பத்தோரு வருசமா இப்புடித்தான். ஒரு தென்னமரத்தைக் கட்டியிருந்தாக்கூடக் காத்தடிச்சா நாலு சத்தம் போட்டிருக்கும்!" என்று மருமகள் செல்வப்பிரியாவிடம் சொல்லி முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

செல்வப்பிரியா போனிலேயே மனோதத்துவம் படிப்பவள். மூன்று மாதப் படிப்பில் இரண்டு மாதம்தான் முடிந்திருந்தது. அதற்குள் அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகத் தும்ம முடியவில்லை. தும்மினால் அதற்கும் சின்ன வயதில் ஒரு காரணம் கண்டுபிடித்தாள்.

"அழுவாதீங்கத்தை. உங்களுக்கு இங்க அட்டாச்மெண்டே இல்லீங்க. அதில்லாம ஒரு பொம்பள எப்புடிங்க காலந்தள்ளறது?"

"அதில்லாமத்தான் கண்ணு முப்பத்தோரு வருசம் தள்ளிட்டேன்!"

வண்டிச் சாவியை மறந்துவிட்டுத் திரும்பி வந்த ரத்தினசாமி, வாசலில் ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டுச் சாவியை எடுக்காமலே போனதை இருவருமே கவனிக்கவில்லை.

"மூணு நாளைக்கு நீங்களும் பேசாதீங்கத்தை. பாசமிருந்தா மாமாவே தேடி வந்து பேசுவாரு."

"வரலீன்னா?"

"அது அடுத்த மாசப் பாடமுங்க."

பெரியம்மாளுக்கு அடுத்த மாதம் வரை பொறுக்க முடியாது. மூன்று நாளில் அவர் பேசாவிட்டால் கோயமுத்தூரில் இருக்கும் மகள் யோகப்பிரியா வீட்டுக்கே போய்விடுவது, திரும்பி வருவதில்லை என்று முடிவு செய்தாள். ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. ரத்தினசாமி வந்தார், தின்றார், போனார். மூன்றாம் நாள் மத்தியானச் சோற்றுக்குக்கூட வரவில்லை. பாவி மனுசன்!

நான்காம் நாள் காலையில், கண்ணீரும் கம்பலையுமாகப் பையோடு வாசலுக்கு வந்தாள். படுக்கை அறைப் பக்கம் தொம் தொம்மென்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், கொத்தனார் பொங்கியண்ணன் கடப்பாரையால் சுவரை இடித்துக்கொண்டிருந்தார். அடுத்த அறையில், மகனைக்கூடத் தொடவிடாமல் ரத்தினசாமி பாதுகாத்து வந்த விதைத் தேங்காய்கள். அவற்றை அவரே கூடையில் அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க! நான் படி தாண்டறதுக்குள்ள ஊட்டை இடிக்கறீங்களே... அத்தனை அவசரமுங்களா?"

ரத்தினசாமி விழித்தார். "நீதான சொன்ன... அட்டாச்சு இல்லாமக் காலந்தள்ளறேன்னு."

செல்வப்பிரியா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ மாமா! நாங்க சொன்னது மனசுங்க!"

"அட்டாச்சு பாத்ரூமில்லீங்களா?" என்றார் ரத்தினசாமி.

பொங்கியண்ணன் கடப்பாரையைக் கீழே வைத்தார். "அப்ப இடிச்சதை மறுக்காக் கட்டிரட்டுங்களா?"

"நீ இடியப்பா." மனைவியின் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த தேங்காயைப் பார்த்தே பேசினார் ரத்தினசாமி. "மழையிலயும் இருட்டுலயும் எந்திரிச்சு ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிப் பாத்ரூமுக்குப் போறா. போன வருசம் அந்தப் பாத்ரூம் வாசல்ல கட்டுவிரியன் கெடந்துச்சு. இவ போயிட்டு உள்ள வந்து கதவைச் சாத்தற வரைக்கும் எனக்குக் கண்ணு மூடாது... கட்டிட்டு வந்த நாள்லருந்து."

பெரியம்மாளின் கையிலிருந்த பை நழுவியது.

"பொய் சொல்லாதீங்க! நான் வந்து படுக்கறப்ப எல்லாங் கொறட்டை உட்டுட்டில்ல கெடப்பீங்க!"

"அது... நீ வந்ததுக்கப்பறம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க! சொன்னா வாயிலருந்து முத்தா உதிந்துரும்?" என்று வெடித்து அழுதாள்.

"சொன்னா, எனக்குத் தூக்கங் கெடுதுன்னு நீ போகாம அடக்கிட்டுக் கெடப்பயே."

செல்வப்பிரியா குறிப்பெழுத எடுத்த போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். பெரியம்மாள் கொத்தனார் நிற்பதையும் பாராமல் கணவரின் தோளில் முகத்தைப் புதைத்துத் தேம்பினாள். அவர் கையில் தேங்காயோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

பொங்கியண்ணன் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார். "ஏனுங்கம்மிணி, கதவுக்கு எந்த மாதிரித் தாப்பாளுங்க?"

பெரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நல்லாச் சத்தம் வர்றதாப் போடுங்கண்ணா... இவங்க தூங்கோணுமல்லங்க!"