முந்தானையைத் தொட்ட கை

மாடியில் போன் அடித்தது.

கீழே ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நின்ற சரிதாவுக்கு அது நன்றாகவே கேட்டது. கேட்காமல் என்ன? கூப்பிட்டுக்கொண்டிருந்ததே அவள் தானே!

"எடுடி நதியா... மலையேறி வரச் சொல்லிட்டு இன்னாடி தூக்கம்?"

எடுக்கவில்லை.

ஜமுனாமரத்தூரைத் தாண்டி நாலு கிலோமீட்டர். சாமை அறுத்த கொல்லைக்கு நடுவில் தனியாக ஒரு மாடி வீடு. டிசைனர் ரஞ்சித்தின் தையல் கூடம். மணி நாலரை தான்... அதற்குள் மார்கழிப் பனி இறங்க ஆரம்பித்திருந்தது.

சரிதா படியேறினாள். ஒருக்களித்திருந்த கதவைத் தள்ளினாள்.

நதியா இருந்தாள்.

தையல் மெஷினுக்குப் பக்கத்தில்... தரையில்... குப்புற!

தலைக்குக் கீழே ரத்தம் உறைந்து கறுத்திருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் அவளுடைய போன், சரிதாவின் பெயரைக் காட்டிக்கொண்டு இன்னமும் அடித்துக்கொண்டிருந்தது.

அலற வாயைத் திறந்தாள்.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

"கத்தாத சரிதா. காது குடுத்து கேக்கறதுக்கு இங்க புளியமரந்தான் இருக்குது."

திரும்பினாள்.

ரஞ்சித்! கையில் துணி சுற்றும் இரும்புக் குழாய்.

"சார்... நீங்க துபாய்ல..."

"துபாய்ல தான் இருக்கேன்." சிரித்தான். "ஊரே அப்படித்தான் நம்புது."

சரிதாவைப் பற்றி நாலு வரி சொல்லிவிடலாம்... அவள் உயிரோடு இருக்கும்போதே!

கண்ணமங்கலத்துக்காரி. 'சரிதா ஸ்டைல்' என்று ஒரு சேனல். அறுபதாயிரம் பேர் பார்க்கிறார்கள். மழைக்கு எந்தச் செருப்பு, பனிக்கு எந்தச் சால்வை, அக்னி நட்சத்திரத்துக்கு எந்தக் காட்டன் என்று சீசனுக்குச் சீசன் சொல்வாள். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு லைவ். விருது விழாவின் சிவப்புக் கம்பளத்தில் யார் எதை உடுத்தி நடந்தாலும் பிரித்து மேய்ந்துவிடுவாள். பிடித்தால் தலையில் தூக்கி வைப்பாள். பிடிக்காவிட்டால் தோலை உரிப்பாள்.

மூன்று வருடமாக அவள் தலையில் தூக்கி வைத்தது ரஞ்சித்தைத் தான். வேலூரில் சின்னக் கடை வைத்திருந்தவன் சென்னைக்குப் போனதில் அவள் வாய்க்கும் பங்கு உண்டு.

நேற்று துபாயில் விழா. கதாநாயகி ஒருத்தி கத்தரிப்பூ நிற ஆரணிப் பட்டில், இடுப்பில் விசிறி மாதிரி கொசுவம் விரிய நடந்தாள். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். டிசைன்... ரஞ்சித்!

இன்று மதியம் நதியா போன் செய்தாள். ரஞ்சித்திடம் சம்பளத்துக்குத் தைப்பவள். சரிதாவோடு ஒரே தையல் கிளாஸில் உட்கார்ந்தவள்.

"அது நான் போட்ட டிசைன்டி. மூணு வருஷமா எல்லாமே நான் போட்டது தான். வரைஞ்ச நோட்டு எங்கிட்ட கீது. வா, காட்டறேன். லைவ்ல நீ சொல்லு."

சரிதா அமிர்தி வழியாக வண்டியை விரட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போது அறை மூலையில் ஒரு தகர வாளி. அதில் சாம்பல். நோட்டு!

"இன்னாத்துக்கு சார்?" சரிதா வாளியைப் பார்த்தபடி கேட்டாள்.

"நீ வர்றேன்னு அவளே சொன்னா. திமிரா சொன்னா." ரஞ்சித் குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டான். "துபாய்க்கு விசா தரல எனக்கு. வெளிய சொன்னா அசிங்கம். என் போனை மேனேஜர் தனசேகரன் கையில குடுத்தனுப்பிட்டு, இங்க வந்து ஒளிஞ்சிருந்தேன், அவளுக்கும் தெரியாம. அவன் அங்க இருந்து என் பழைய போட்டோவா போட்டுத் தள்றான். அசிங்கத்துக்குப் பயந்து பண்ணது... இப்ப கழுத்தைக் காப்பாத்துது பாரு!"

"என்னை விட்டுடுங்க சார். நான் யாருக்கும்..."

"விட்டுடறேம்மா. உன் லைவ்வ மட்டும் பண்ணிட்டுப் போ. அஞ்சு மணிக்கு நீ வரலன்னா அறுபதாயிரம் பேர் தேடுவான்."

ஜன்னல் ஓரமாக மூன்று கால் ஸ்டாண்டை வைத்தான். வெளிச்சம் நன்றாக விழும் இடம். சரிதாவின் போனை வாங்கி அதில் மாட்டினான். ஜன்னலில் கனமான இரும்புக் கம்பி. கம்பிக்கு வெளியே பனி. சரிதா சுற்றிலும் பார்த்தாள். ஒரே கதவு. அந்தக் கதவுக்கு முன்னால் அவன்.

"ஜவ்வாது மலையில என் தையல் கூடத்துல இருக்கேன்னு சொல்லு. நதியா கூட இருக்கான்னு சொல்லு. ஆறு மணிக்கு ரெண்டு பேரும் ஸ்கூட்டில எறங்கறோம்னு சொல்லு. அதை மட்டும் ரெண்டு தடவ சொல்லு."

சரிதா தரையில் கிடந்த நதியாவைப் பார்த்தாள்.

செத்துக் கிடப்பவள் எப்படி ஸ்கூட்டியில் இறங்குவாள்?

புரிந்துவிட்டது. பனி... கொண்டை ஊசி வளைவு... பள்ளத்தில் ஒரு ஸ்கூட்டி... இரண்டு பெண்கள். நதியாவின் மண்டைக் காயத்துக்கு விபத்து என்று பெயர் விழுந்துவிடும். தன் மண்டைக்கும்! ரஞ்சித் துபாயிலிருந்து இரங்கல் செய்தி போடுவான்.

சொன்னால் ஆறு மணி வரைக்கும் உயிர். சொல்லாவிட்டால் இப்போதே இல்லை.

"சரிங்க சார்," என்றாள்.

ஐந்து மணி. லைவ்!

"வணக்கம் மக்களே... உங்க சரிதா!" உதடு காய்ந்து ஒட்டியது. "இன்னிக்கு நான் எங்க இருக்கேன் தெரியுமா? ஜமுனாமரத்தூர் தாண்டி, டிசைனர் ரஞ்சித் சாரோட தையல் கூடத்துல! சார் துபாய்ல பிஸி. என் ஃபிரெண்டு நதியா கூட இருக்கா. ஆறு மணிக்கு ரெண்டு பேரும் ஸ்கூட்டில எறங்கிடுவோம்..."

போனுக்குப் பின்னால் நின்ற ரஞ்சித் இரண்டு விரலைக் காட்டினான்.

"ஆமா... ஆறு மணிக்கு எறங்கிடுவோம்."

கமெண்ட்டுகள் ஓடின. 'அக்கா மலைல குளிரா?' 'பனிக்கு பட்டு கட்டலாமா?' 'நதியா அக்காவைக் காட்டுங்க!'

பார்ப்பவர்கள் பதினோராயிரம் பேர். ஆறடி தூரத்தில் ஒரு பிணம். பதினோராயிரம் பேரில் ஒருவருக்கும் தெரியாது. அவளுக்குக் கத்தி அழ வேண்டும் போலிருந்தது.

அழவில்லை. ஒன்று ஞாபகம் வந்தது.

போன வருடம் வேலூர் ஃபேஷன் ஷோ. மாடல் பெண் மேடையில் பாதி தூரம் நடந்திருப்பாள். அவளுடைய கொசுவத்தில் ஒரே ஒரு மடிப்பு நெளிந்திருந்தது. பின்னால் நின்ற ரஞ்சித் பொறுக்கமாட்டாமல் மேடை மேலேயே ஓடிவந்து, அத்தனை பேர் முன்னால் மண்டி போட்டு அந்த மடிப்பை நீவிவிட்டான். அது ஒரு வியாதி அவனுக்கு.

சரிதா பக்கத்தில் நின்ற ஆளுயரப் பொம்மை மேல் போட்டிருந்த கத்தரிப்பூ நிறப் புடவையை உருவினாள்.

"பனிக்காலத்துல பட்டு தாராளமா கட்டலாம். துபாய்ல அந்தம்மா கட்டிக்கினு நடந்தாங்க இல்ல, அதோட சாம்பிள் இது. ரஞ்சித் சார் ஸ்டைல்ல எப்படிக் கட்டறதுன்னு காட்டறேன், பாருங்க!"

சுடிதாருக்கு மேலேயே சுற்றினாள்.

உள்பக்கம் வெளியே தெரிய!

ரஞ்சித்தின் புருவம் நெளிந்தது. விரலைத் திருப்பித் திருப்பிக் காட்டினான்... திருப்பு, திருப்பு! சரிதா கவனிக்காதது போல் கொசுவத்தை மடித்தாள். ஒன்று நாலு விரல் அகலம், ஒன்று எட்டு விரல் அகலம். மூட்டையாக இடுப்பில் திணித்தாள்.

"பாத்தீங்களா? இதான் ரஞ்சித் சார் கொசுவம்!"

'ஐயையோ!' 'லுங்கி மாதிரி கீது!' 'இதுக்கா அவார்டு?'

சரிதா ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்தாள். நன்றாக நிறுத்தி நிறுத்திப் படித்தாள். ரஞ்சித்தின் முகம் சிவந்தது.  கழுத்தில் விரலை வைத்து 'அறுத்துடுவேன்' என்று காட்டினான்.

"சேட்டு சுரேகான்னு ஒருத்தங்க கேக்கறாங்க... 'டிசைனருக்குக் கண்ணு தெரியுமா?'... தெரியும்ங்க. கொஞ்சம் மங்கல். இப்ப முந்தானை!"

பெரிய ஊக்கு ஒன்றை எடுத்தாள். முந்தானையில் முழு ஜரிகையில் நெய்திருந்த மயிலின் கழுத்தில், நேராகக் குத்தப் போனாள்.

"அங்க குத்தாதடீ! ஜரிகை இழுத்துக்கும்!"

பாய்ந்து வந்தான். ஊக்கைப் பிடுங்கினான். முந்தானையைத் திருப்பினான், நீவினான், தோளில் நாலே மடிப்பில் அழகாக வைத்தான். ஒரு அடி பின்னால் தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தான். அவனுக்குத் திருப்தி.

அப்புறம் தான் போன் திரையைப் பார்த்தான்.

திரையில்... சரிதாவுக்குப் பக்கத்தில்... அவன்!

'ரஞ்சித் சார்???'

'துபாய்ல இருக்காருன்னு சொன்னீங்க?'

'சார் கைல இன்னா ரத்தம்?'

குழாயை வீசி ஸ்டாண்டை அடித்தான். போன் பறந்து துணிக்குவியல் மேல் குப்புற விழுந்தது.

போச்சு. பதினோராயிரம் பேரும் போய்விட்டார்கள். அறையில் அவனும் அவளும் நதியாவும் தான்.

"வேணும்னே தானே பண்ண?" மெதுவாக வந்தான். குழாயை ஓங்கினான்.

சரிதா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஓட இடமில்லை. வாய் மட்டும் தான் மிச்சம்.

"அடிங்க சார்! அடிச்சா நேரா தூக்குக் கயிறு தான். நீங்க இங்க இருக்கறத அத்தினி பேரும் பாத்துட்டான். இப்ப நான் செத்தா யாரைப் புடிப்பான்?"

குழாய் அந்தரத்தில் நின்றது.

"ஒரே வழி தான் இருக்கு. திரும்ப லைவ் போங்க. 'எல்லாருக்கும் சர்ப்ரைஸ் குடுக்கலாம்னு துபாய்ல இருந்து சீக்கிரமே வந்துட்டேன்'னு நீங்களே சிரிச்சிக்கினு சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

யோசித்தான். அந்த மண்டைக்குள் கேமரா என்ற வார்த்தை நுழைந்ததும் வேறு எல்லாம் வெளியே போய்விடும் என்று சரிதாவுக்குத் தெரியும்.

"போனை எடு."

"இந்தச் சட்டையோடவா சார்?"

குனிந்து பார்த்துக்கொண்டான். வெள்ளை லினன். முழங்கை வரைக்கும் நதியா.

"கருப்பு ஒண்ணு இருக்கு," என்றான். குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கதவருகே போய் நின்று சட்டை ஸ்டாண்டை இழுத்தான்.

"கருப்பா? சாயங்காலப் பனி வெளிச்சத்துல முகம் செத்துப்போய்டும் சார்."

"நீலம்?"

"அது போன சீசன். அதுவும் லினன் வேற... மார்கழியில லினன் போட்டா துபாய்ல இருந்து வந்தவர் மாதிரியா இருக்கும்? கெட்டித் துணி இல்லீங்களா?"

மாட்டினான். கழற்றினான். இன்னொன்றை மாட்டினான். சரிதா ஒவ்வொன்றுக்கும் குறை கண்டுபிடித்தாள். காலர் அகலம். பட்டன் பளபளப்பு. தோள் இறக்கம். ஒரு சட்டைக்கு மூன்று நிமிடம் வாழ்ந்தாள்.

"இத்தினி துணி தெரிஞ்ச மனுஷன்... அவளை எதுக்கு சார் கொன்னீங்க?" அழுகை முட்டியது. "அவ பேரை ஒரு தடவ சொல்லியிருந்தா போதுமே!"

"கொல்லணும்னு தள்ளல. தள்ளினேன், தலை மெஷின் ஸ்டாண்டுல மோதிடுச்சு." பட்டனைப் போட்டுக்கொண்டே, தையல் அளவு சொல்வது போலச் சொன்னான். "ஒரு மணி நேரம் மூச்சு இருந்துச்சு. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா நான் துபாய்ல இல்லன்னு தெரிஞ்சிடுமே?"

ஒரு மணி நேரம்!

சரிதா அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். விசா கிடைக்காத வெட்கத்துக்கு ஒரு உயிர்.

"மெரூன் எப்படி?" என்றான்.

"நல்லா இருக்கு," என்றாள். இனிப் பொய் சொல்லத் தெம்பில்லை.

ரஞ்சித் தலையை வாரினான். காலரை நிமிர்த்தினான். துணிக்குவியலில் குப்புறக் கிடந்த போனை எடுத்தான். திரும்ப லைவ் போடுவதற்காக, உதட்டில் புன்னகையைத் தயாராக வைத்துக்கொண்டு, திருப்பினான்.

புன்னகை அப்படியே உறைந்தது.

லைவ் நிற்கவே இல்லை!

படம் மட்டும் தான் இருட்டு. குரல் மொத்தமும் போயிருந்தது. பார்ப்பவர்கள்... நாற்பத்து மூவாயிரம் பேர்!

'கொலகாரா!'

'பாவி, ஒரு மணி நேரம் உயிரோட இருந்தாளாடா?'

'சரிதாக்கா தைரியமா இருங்க, ஜீப் ஏறிடுச்சு!'

'அண்ணே, மெரூனுக்குக் கருப்பே பரவால்ல.'

கதவு அதிர்ந்தது. இரண்டாவது உதையில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. உள்ளே வந்தது எஸ்.ஐ. காந்தா, பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். ரஞ்சித் குழாயைக் கீழே போட்டான்.

"வெலாசத்தை நீங்களே சொல்ல வச்சிட்டீங்க சார். தேடற வேலையே இல்ல," என்றாள் காந்தா. நதியாவைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினாள்.

சரிதா எழுந்தாள். ரஞ்சித்தின் கையிலிருந்த போனைப் பிடுங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள். கண்ணீரைத் துடைக்கவில்லை.

"மக்களே... மூணு வருஷமா தப்பான பேரைச் சொல்லிட்டேன். துபாய்ல நடந்த புடவை, அதுக்கு முன்னாடி நடந்தது எல்லாமே... டிசைன் நதியா. சந்தவாசல்காரி நதியா. அவ்ளோதான்."

லைவ்வை நிறுத்தினாள்.

கான்ஸ்டபிள் ரஞ்சித்தின் கையைப் பின்னால் முறுக்கினார்.

"மேடம்... ஒரு நிமிஷம்." அவன் குனிந்து சட்டையைப் பார்த்தான். "வெளிய கேமராக்காரங்க வருவாங்க. இந்த மெரூன் எடுபடல. மாத்திக்கிட்டு வந்துடறேனே?"

காந்தா தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"இன்னாத்துக்கு சார் வீண் குழப்பம்? இனிமே உங்களுக்கு மழை, பனி, வெயில் எல்லா சீசனுக்கும் வெள்ளை தான். அளவு மட்டும் சொல்லுங்க... தைக்கறவங்களும் உள்ளேயே கீறாங்க!"