அக்கரை விலை

சரக்கை இறக்குவதற்கு முன்பே விலை வந்து உட்கார்ந்திருந்தது.

கடைக்காரி உப்பு மூட்டையை இடுப்பில் அணைத்தபடி மணல்திட்டில் நின்றுவிட்டாள். பனி இன்னும் கலையவில்லை. ஆற்றின் இரண்டு கரைகளும் அழிந்துபோய், நடுவில் இந்தத் திட்டும், அதன் முதுகில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் எல்லைக்கல்லும், கல்லுக்கு அந்தப் பக்கம் அவள் சற்று முன் விரித்துவிட்டுப் போன நீலத் துணியும் மட்டும்தான் உலகத்தில் மிச்சம் இருந்தன. துணியின் மேல் அவளுடைய சின்ன மகள் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மகளுக்குப் பக்கத்தில், பச்சை இலையில் பொதிந்து, ஒரு தேன் அடை.

அடையிலிருந்து தேன் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மணலில் கடைக்காரி வந்து போன காலடி இருந்தது. வேறு காலடி இல்லை.

"நான் தொடலம்மா," என்றாள் மகள் முந்திக்கொண்டு. வீட்டில் எது உடைந்தாலும் முதலில் வருகிற வார்த்தை அதுதான்.

"யாருடி வச்சது?"

"தெரியல. பனியா இருந்துச்சு. என் காலைத்தான் அமுக்கி அமுக்கிப் பாத்தாங்க."

குழந்தையின் கெண்டைக்காலில் சாம்பல் நிறக் களிமண் ஒரு பெருவிரல் அகலத்துக்கு அப்பியிருந்தது. கடைக்காரி அந்தத் தடத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். சந்தையில் பூசணிக்காயை அவளே எத்தனையோ தடவை அப்படி அமுக்கிப் பார்த்திருக்கிறாள். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவரின் விரல் அது.

மூட்டையைப் போட்டுவிட்டு மகளை வாரித் தூக்கிக்கொண்டு ஓடத்துக்கு ஓடினாள்.

அந்த ஆற்றில் வியாபாரம் நடப்பது பேசாமல்தான். இக்கரை ஒரு தேசம், அக்கரை ஒரு தேசம், நடுவில் இந்தத் திட்டு. இக்கரைக்காரர் கல்லுக்கு அந்தப் பக்கம் துணியை விரித்து, உப்போ இரும்புச் சட்டியோ தீப்பெட்டியோ வைத்துவிட்டு, ஓடத்துக்குத் திரும்பி முதுகைக் காட்டி உட்கார வேண்டும். பிறகு போய்ப் பார்த்தால், சரக்குக்குப் பக்கத்தில் தேனோ மெழுகோ மான்கொம்போ இருக்கும். கட்டுப்படியானால் அதை எடுத்துக்கொண்டு சரக்கை விட்டுவரலாம். கட்டுப்படியாகாவிட்டால் எதையும் தொடாமல் வர வேண்டும். மறுநாள் விலை கூடியிருக்கும். அக்கரையில் வாங்குவது யார் என்று அவள் அப்பாவும் பார்த்ததில்லை, அவருடைய அப்பாவும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. முகம் காட்டாத வாடிக்கையாளரைப் போல் உத்தமர் உண்டா? கடன் சொல்ல மாட்டார், குறை சொல்ல மாட்டார், வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்து நம்மை மொய் எழுத வைக்க மாட்டார்.

இன்று குழந்தை கூடவே வருவேன் என்று அடம்பிடித்தது. ஈர மணலில் உட்கார்ந்தால் சளி பிடிக்குமே என்று அதைத் துணியின் மேல் உட்காரவைத்துவிட்டு மூட்டை எடுக்கப் போனாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

ஓடக்காரர் அவளுடைய சொந்த அண்ணன். வாய் ஓயாத மனிதர்.

"என்னம்மா, மூட்டையைப் போட்டுட்டுப் பிள்ளையோட ஓடி வர்றே? உப்பு வேணாமாமா? அக்கரைக்கும் பிரஷர் வந்துடுச்சா?"

அவள் நடந்ததைச் சொன்னாள். துடுப்பு தண்ணீரில் பாதியில் நின்றது.

"அந்த அடையை எடுத்தியா?"

"சீ, தொடவே இல்லண்ணே. அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்."

கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள். ஓடத்தின் அடியில் தண்ணீர் நக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அண்ணன் இவ்வளவு நேரம் வாயை மூடியிருந்து அவள் பார்த்ததே இல்லை.

"தொடாம வந்தா அக்கரைக்கு என்னம்மா அர்த்தம்?"

அவளுக்குத் தெரியும். அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்தக் கரையிலேயே இல்லை. முதல் விலைக்கு எதையும் கொடுக்காதவள் என்று பெயர் எடுத்தவள்; பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையையே போய்விட்டு இன்னொரு தரம் வரச் சொன்னவள் என்று வீட்டில் இன்றும் கேலி பேசுவார்கள். தொடாமல் வந்தால், போதாது என்று அர்த்தம். இன்னும் கொண்டு வா என்று அர்த்தம்.

"சரக்கைத்தான் தூக்கிட்டு வந்துட்டோமே," என்றாள். "சரக்கு இல்லாம என்ன வியாபாரம்?"

"விலை வர்றதுக்கு முன்னாடி தூக்கியிருந்தா, விக்கலைன்னு அர்த்தம். வந்த பிறகு தூக்கினா…" அண்ணன் குழந்தையைப் பார்க்காமல் சொன்னார். "நல்ல விலை வர்ற வரைக்கும் பத்திரமா வச்சிருக்கோம்னு அர்த்தம். அப்பாவே அப்படிச் செஞ்சிருக்காரு."

மறுநாள் விலை இக்கரைக்கே வந்திருந்தது. துணி துவைக்கும் கல்லின் மேல், அதே பச்சை இலையில், அடை அடையாகத் தேன், ஆள் உயரத்துக்கு மெழுகு, கிளை விட்ட கொம்புகள். எல்லைக்கல்லைத் தாண்டி அக்கரைப் பொருள் தானாக வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

அவள் கணவர், கடைக்காரர், மெழுகைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அசல் சரக்குடி. டவுன்ல இதுக்கு அடிச்சுக்குவாங்க."

"விரல் பட்டுச்சு, அந்த விரலை வெட்டிடுவேன்."

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்," என்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆனால் அவருடைய முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

அன்றைக்கு அவள் தன் வளையல்கள், சங்கிலி, கடையில் இருந்த பித்தளைப் பாத்திரங்கள், பிரிக்காத துணிக் கட்டுகள் எல்லாவற்றையும் ஓடத்தில் ஏற்றிக்கொண்டு போய்த் திட்டில் பரப்பினாள். குழந்தைக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல அந்த ஆற்றில் வார்த்தை கிடையாது, பரப்பத்தான் முடியும். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நாணல் உரசியது. ஈரக் களிமண் வாடை கழுத்துக்குப் பின்னால் நெருங்கி வந்து, நின்று, விலகிப் போனது. திரும்பிப் பார்த்தபோது ஒரு வளையல்கூட இடம் மாறவில்லை. எதையும் யாரும் தொடவில்லை.

போதாது.

அதற்கு அடுத்த காலை படித்துறையில் ஓர் ஓடம் கட்டியிருந்தது. பழைய ஓடம். விலாவெல்லாம் பாசி, உள்ளே நத்தைகள், பலகைக்குப் பலகை ஆற்றுமண். அண்ணன் குனிந்து அதன் மூக்கில் இருந்த ஆணிகளைத் தடவப் போனவர், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அவர் அடித்த ஆணிகள். போன பெருவெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன ஓடம் அது. அது போனபோது அதில் கடைக்காரியின் மூத்த பையன் உட்கார்ந்திருந்தான். ஓடமும் கிடைக்கவில்லை, பையனும் கிடைக்கவில்லை.

"ஓடம் வந்துடுச்சு," என்றார் அண்ணன்.

அடுத்து என்ன வரும் என்பது அவருக்கும், அவளுக்கும், பின்னால் நின்ற கணவருக்கும் தெரிந்துவிட்டது. அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்கு அடியில், களிமண்ணுக்கு அடியில் ஊறும் தண்ணீரைப் போல, வேறொன்று மெல்ல ஊறியது. அதற்குப் பெயர் வைக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

கணவர் உடனே கிளம்பினார். "டவுன்ல போய் வேன் பிடிச்சுட்டு வர்றேன். பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவேன். ஆறு கண்ணுல படாத ஊருக்குப் போயிடலாம். யார் வந்தாலும் கதவைத் திறக்காதே. என்ன வந்தாலும் தொடாதே."

பொழுது சாய்வதற்கு முன்பே பனி வந்துவிட்டது. படித்துறையைத் தின்று, துவைக்கும் கல்லைத் தின்று, ஜன்னல் கம்பி வரை வந்து நின்றது. அண்ணன் துடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். வீட்டு முன்னறையில் இருந்த கடையின் பலகைகளை உள்ளிருந்து மாட்டி, கொல்லைக் கதவுக்கு உப்பு மூட்டைகளை முட்டுக் கொடுத்து, மகளைப் போர்வையில் சுருட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் உள்ளறையில் உட்கார்ந்தாள். சிமினி விளக்கின் திரி பொரிந்தது. மகளின் மூச்சு கழுத்தில் சூடாகப் பட்டது; அந்தச் சூடு இருக்கும்வரை எல்லாம் சரி என்று மூச்சுக்கு மூச்சு காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் அண்ணன் இருமினார். ஏதோ ஒரு பாட்டை ராகம் தப்பி முனகினார். உத்தரத்தில் பல்லி சத்தம் போட்டது. எங்கோ தெருக்கோடியில் நாய் குரைக்கத் தொடங்கி, நினைப்பு மாறியதைப் போல நிறுத்திக்கொண்டது.

முதலில் வாடை வந்தது. ஆற்றின் அடியில் மட்டுமே இருக்கும் வாடை, அழுகிய நாணலும் இரும்பும் குளிரும் கலந்தது. அதனோடு தேன்.

பிறகு சங்கிலி.

கடை அறையில், உத்தரத்திலிருந்து தொங்கும் பெரிய தராசின் சங்கிலி. கிறீச். நிறுத்தம். கிறீச். மூட்டை நிறுக்கும் தராசு அது, காற்றுக்கு ஆடாது. ஆள் ஏறினால்தான் ஆடும். மூத்தவன் தினமும் கடை அடைக்கிற நேரத்தில் அதன் தட்டில் ஏறி உட்கார்ந்து, அம்மா நான் எவ்ளோ, என்று கேட்பான். இது விக்கிறதுக்கு இல்ல, இறங்குடா, என்று அவள் காதைத் திருகுவாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

கிறீச்.

"அம்மா," என்றது கடை அறை. "நான் எவ்ளோ?"

போகக் கூடாது. போனாள். மகள் ஒரு தோளில், விளக்கு ஒரு கையில்.

பலகைகள் மாட்டியபடியே இருந்தன. கொல்லைக் கதவில் மூட்டைகள் அசையவில்லை. தராசின் ஒரு தட்டு தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. தட்டில் பையன் உட்கார்ந்திருந்தான். போன அன்று போட்டிருந்த அதே கோடு போட்ட சட்டை. அதே உயரம். ஒரு நாள்கூட வளரவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து, மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்ட, நடுங்கிக்கொண்டிருந்தான். இடது காதுக்குக் கீழே அந்த மச்சம். அது சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது.

அவனைச் சுற்றி, அழகாக விரித்து, பச்சை இலைகள்.

"குளிருதும்மா."

"யாரும்மா உள்ள பேசறது?" வாசலிலிருந்து அண்ணன் குரல். "தங்கச்சி?"

விளக்கைக் கல்லாப்பெட்டியின் மேல் வைத்தாள். தொடக் கூடாது. தொடாமல் நின்றாலும் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு. போதாது. இதுவும் போதாது என்றால் இன்னும் எதைக் கொண்டு வருவார்கள்? ஆற்றுக்குள் இன்னும் என்ன இருக்கிறது? மகளை இறுக்கினாள். மூச்சு கழுத்தில் பட்டது. சூடு. இது விக்கிறதுக்கு இல்ல. உரக்கச் சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. வந்திருந்தாலும் என்ன? அந்த ஆற்றில் வார்த்தைக்கு ஏது மதிப்பு.

பையன் முகத்தைத் தூக்கினான். ஈரமுடி கண்ணில் விழுந்து உறுத்தியது. கண்ணைச் சிமிட்டினான். மறுபடி சிமிட்டினான். சின்ன வயதிலிருந்து அவனுக்கு அந்தத் தொந்தரவு. முடி கண்ணில் விழும், தானாக ஒதுக்கத் தெரியாது, அம்மா பார்க்கும்வரை சிமிட்டிக்கொண்டே இருப்பான்.

எப்போது நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. அவள் யோசிக்கவில்லை. முடிவெடுக்கவில்லை. அவள் பார்த்தபோது அவளுடைய வலது கை முந்தானையின் நுனியால் அவன் நெற்றியைத் துடைத்து, முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தது.

நெற்றி குளிர்ந்திருந்தது.

கழுத்தில் பட்டுக்கொண்டிருந்த மூச்சு நின்றது.

சத்தம் எதுவும் இல்லை. இழுத்த மாதிரியும் இல்லை. தோளில் இருந்த கனம், பனி கலைவதைப் போல, போயிற்று. இடது கை வளைந்தபடியே இருந்தது. அதற்குள் போர்வை இருந்தது. போர்வை இன்னும் சூடாக இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே, பனிக்குள், படித்துறைப் பக்கம், துடுப்பே இல்லாமல் ஓர் ஓடம் தண்ணீரை விலக்கிக்கொண்டு போனது.

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. கணவர் உற்சாகமாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

பையன் அவளைப் பார்த்துச் சிரித்தான். வாய் நிறைய மணல்.

சங்கிலி கிறீச்சிட்டது. அவன் இறங்கவில்லை, அசையவில்லை, கட்டிய முழங்காலை விடவும் இல்லை. ஆனால் அவன் உட்கார்ந்திருந்த தட்டு தரையைவிட்டு மெல்ல எழுந்தது. எழுந்து, எழுந்து, அவள் கண்ணுக்கு நேராக வந்து நின்றது. பையன் இருந்த தட்டும், ஒன்றுமே இல்லாத தட்டும், ஒரு இம்மிகூடச் சாயாமல், சரிசமமாக.