எட்டாம் பதிப்பில் இல்லாத வசதி

ஞாயிற்றுக்கிழமை காலையில் அமலபுஷ்பம் கூடத்தில் தன் தம்பி சூசையோடு பாசமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில் அடுப்படியில் நின்று, அடிபிடித்த பால்சட்டியைச் சுரண்டிக்கொண்டும் இருந்தாள். செவ்வாய்க் கோளின் தென்சரிவுக் குடியிருப்பில் இதைக் கண்டு யாரும் வாயைப் பிளக்கமாட்டார்கள். அங்கே எல்லா வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் கழியும்.

கூடத்தில் பேசியது மனையறிவு. காற்றைச் சுத்தம் செய்வது, வெளிக்கதவின் அழுத்தத்தைக் காப்பது, கீரைத்தொட்டிக்கு நீர் விடுவது என்று வீட்டை நடத்துகிற இயங்குதளத்துக்கு அங்கே அதுதான் பெயர். அதன் வசதிகளில் ஒன்று உறவுக்குரல். பூமிக்கு ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்புவதற்குள் இரண்டு ஈடு இட்லி இறக்கிவிடலாம். 'சாப்பிட்டாயா' என்று கேட்டுவிட்டு அத்தனை நேரம் காத்திருக்க எந்த மனிதருக்குப் பொறுமை உண்டு? மனையறிவுக்கு உண்டு. அது வீட்டுக்காரரின் குரலிலேயே கேட்கும், காத்திருக்கும், இடம் பார்த்துச் சிரிக்கும், சொன்னதை அடுத்த வாரம்வரை நினைவிலும் வைத்திருக்கும்.

இப்போது மனையறிவுக்கு எட்டாம் பதிப்பு வந்திருந்தது. தினமும் விடிந்ததும் வீடு கேட்கும், "எட்டாம் பதிப்பு ஆயத்தம். இப்போதா, பிறகா?" என்று. அமலபுஷ்பத்தின் கணவர் தேவசகாயம் பல் துலக்கியபடியே "பெறவு" என்பார். அவர் கொள்கை எளிது. நாலு பேர் முதலில் மாற்றட்டும், அவர்களுக்கு மூச்சு முட்டாமல் இருந்தால் நாமும் மாற்றலாம். ஆனால் ஏழாம் பதிப்புக்கு இனிப் பழுதுபார்ப்பு கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். அடுத்த வரிசையில் ஒரு வீடு குழம்பிப்போய்க் கதவைத் திறக்க மறுத்து, குடும்பமே அரை நாள் உள்ளே அடைந்து கிடந்தது. வெளியே மூச்சுவிடக் காற்றில்லாத ஊரில் கதவு என்ன விளையாட்டுச் சாமானா?

எட்டில் ஒரு குறை இருந்தது. அதில் உறவுக்குரல் இல்லை. உறவுக்காரர் குரலைத் திருடிப் பேசி ஏமாற்றுகிறவர்கள் பெருகிவிட்டதால், செவ்வாயில் இனி எந்த வீடும் மனிதக் குரலில் பேசக்கூடாது என்று விதி வந்துவிட்டது. பூமியில் அந்த விதி இன்னும் வரவில்லை. அதற்குப் பதிலாக அங்கே ஒவ்வொரு வீடும், வருகிற குரலைச் சலித்துப் பார்த்துத்தான் உள்ளே விட்டது.

ஆக, எட்டுக்கு மாறினால் சூசையிடம் இனி அமலபுஷ்பமேதான் பேசவேண்டும். அவள் அவனிடம் பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

பெரிய சண்டை ஒன்றுமில்லை. அவள் பூமியை விட்டுக் கிளம்பிய அன்று சூசை வழியனுப்ப வரவில்லை. அந்த வருத்தத்தில், முதல் ஞாயிறு தம்பியிடம் பேசுகிறீர்களா என்று வீடு கேட்டபோது, "பெறவு பேசிக்கிடுதேன், இப்போதைக்கு நீயே ஏதாவது சொல்லிரு" என்றாள். வருத்தம் ஒரு மாதத்தில் ஆறிப்போனது. அதற்குள் வீடு பேசப் பழகியிருந்தது, இவள் பேசாமலிருக்கப் பழகியிருந்தாள்.

அன்று சட்டியைச் சுரண்டிய கை சட்டென்று நின்றதற்குக் காரணம் கூடத்திலிருந்து வந்த அவள் குரல்தான்.

"முட்டுவலி எப்படில இருக்கு? தைலம் தேய்ச்சியா?"

சூசைக்கு முட்டுவலியா? அவளுக்குத் தெரியாது. சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் காத்திருந்தாள். தூத்துக்குடியிலிருந்து பதில் வந்தது. "நீ சொன்ன மாதிரியே தேய்ச்சேங்க்கா. இப்பம் மாடி ஏறுதேன்" என்று சூசை சிரித்தான்.

அந்தச் சிரிப்பைக் கேட்டு அவளுக்கு வயிறு எரிந்தது. தன் குரலைப் பார்த்தே பொறாமைப்பட்ட முதல் பெண் அவளாகத்தான் இருப்பாள். மேற்கொண்டு கேட்கப் பிடிக்காமல் கீரைத்தொட்டிப் பக்கம் போய்விட்டாள். என் தம்பிக்கு வலிக்கிறது, அது எனக்குத் தெரியவில்லை, சுவருக்குத் தெரிந்திருக்கிறது என்று மனம் அடித்துக்கொண்டது.

மாலையில் வீட்டை மாற்றிவிடலாம் என்று கணவரிடம் சொன்னாள். தேவசகாயம் காற்றைச் சொன்னார், கதவைச் சொன்னார், ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்தவேண்டும் என்றார். எதுவும் எடுபடாமல் போகவே கடைசியில் உண்மையான கேள்விக்கு வந்தார்.

"ஒம்பது வருசம் கழிச்சு அவன்ட்ட என்னத்தப் பேசுவ, புஷ்பம்?"

"எந்தம்பிட்டப் பேச எனக்கு ஒத்திகை வேணுமா? நீங்க சும்மா இருங்க."

மாறுவதற்கு முன் வீடு எச்சரித்தது. ஏழாம் பதிப்பின் உரையாடல் நினைவுகள் எட்டுக்கு வராது, படியெடுத்து வைக்கவா என்று கேட்டது. எடுத்து வை என்றார் தேவசகாயம். வேண்டாம் என்றாள் அமலபுஷ்பம். வேறு யாரோ கொஞ்சிய கொஞ்சலைப் பெட்டியில் பூட்டி வைப்பானேன் என்று அவளுக்கு வீம்பு. வீட்டின் அடையாள முத்திரையும் புதிதாக மாறும் என்று தொடங்கி வீடு நீளமாக ஏதோ வாசித்தது. அதற்கெல்லாம் சரி என்றாள். அந்த இடத்தில் எல்லோரும் சரி என்றுதான் சொல்வார்கள்.

எட்டு நன்றாகவே வேலை செய்தது. காற்று தெளிந்தது, கதவு சொன்ன பேச்சைக் கேட்டது. நான்தானே மாற்றச் சொன்னேன் என்று தேவசகாயம் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அமலபுஷ்பம் தலைசீவிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். பேசப்போவது குரல் மட்டும்தான், இருந்தாலும் சீவிக்கொண்டாள்.

"சூசை, அக்கா பேசுதேன். நானே பேசுதேன்ல" என்றாள். வேறு வேலை எதுவும் பார்க்காமல் பதிலுக்குக் காத்திருந்தாள்.

பேசியது சூசை அல்ல, சூசையின் வீடு. வணக்கம் சொல்லிவிட்டு, இது அமலபுஷ்பம் அம்மாவின் குரலோடு ஒத்துப்போகவில்லை என்றது. ஒத்துப்போகாதுதான். மனையறிவின் குரலுக்கு ஒன்பது வருடத்தில் வயதாகவில்லை, அவளுக்கு ஆகியிருந்தது. முத்திரையும் புதியதாக இருப்பதால் ஒரே ஒரு கேள்வி என்றது அந்த வீடு. "போன ஞாயிறு நீங்கள் தம்பிக்கு ஒரு வாக்குக் கொடுத்தீர்கள். அது என்ன?"

அந்த நேரம் அமலபுஷ்பம் கீரைத்தொட்டிப் பக்கம் போயிருந்தாள். தன் பெயரில் கொடுக்கப்பட்ட வாக்கு, தன் கையாலேயே அழிக்கப்பட்டுவிட்டது. முட்டுவலியைச் சொன்னாள், தைலத்தைச் சொன்னாள். சிறுவயதில் கிறிஸ்துமஸுக்கு வைத்திருந்த மக்ரூனை சூசை டின்னோடு தின்று தீர்த்ததையும், அவனுக்காகத் தான் அடிவாங்கியதையும் சொன்னாள். அவனையே கூப்பிட்டுக் கேள் என்று கெஞ்சினாள்.

இரண்டு ஈடு இட்லி நேரம் கழித்துப் பதில் வந்தது. "முட்டுவலி மருந்துக்கடைக்காரருக்கும் தெரியும். மக்ரூன் கதையை அமலபுஷ்பம் அம்மா ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. யாரென்று தெரியாதவர்களுக்காக ஐயாவைத் தொந்தரவு செய்வதில்லை." அதோடு தொடர்பு அறுந்தது. அமலபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். படியெடு என்று அன்றே சொன்னேனே என்று ஆரம்பித்த தேவசகாயம், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் தூத்துக்குடியிலிருந்து ஒரு செய்தி வந்தது. சூசையின் குரல்.

"எக்கா, ஒம்பேரச் சொல்லி எவளோ ஒரு கெழவி பேசுதா. நம்ம வீடு கண்டுபிடிச்சிட்டு. நீ சூதானமா இரு. பழைய பதிப்பையே வச்சிட்டு இருக்காம சீக்கிரம் மாத்திரு. எனக்குக் கொடுத்த வாக்க மறந்துராத, என்ன?"

அவள் அதை மறுபடி போட்டுக் கேட்டாள். அக்கறையில் ஒரு குறையும் இல்லை. அதே சிரிப்பு, அவள் விட்டுவந்த அன்று இருந்த அதே இளமை. இந்தக் குரலுக்கும் ஒன்பது வருடத்தில் வயதாகவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இது சூசையா, சூசையின் வீடா? மாடி ஏறுகிறேன் என்று சிரித்தது யார்? தன் தம்பி எப்போது பேசுவதை நிறுத்தினான்? அந்த முதல் ஞாயிறே நிறுத்திவிட்டானோ?

தேவசகாயம் பக்கத்தில் வந்து நின்றார்.

புதிய மனையறிவு தன் சொந்தக் குரலில் கேட்டது. "பதில் பேச வேண்டும். இப்போதா, பிறகா?"

அமலபுஷ்பம் வாயைத் திறந்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பெறவு" என்றாள்.