முடியாத புரட்டாசி

சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பேச்சித்தாய் வீட்டுக் கூடையில் மட்டும் புரட்டாசி மாதம் நடந்துகொண்டிருந்தது. வாழைக்காய், சேனை, துவரம்பருப்பு, துளசி, ஒரு சிறிய சூடக்கட்டி. பதினோரு ஆண்டுகளாக வாரந்தோறும் இதே கூடைதான். தூத்துக்குடியில் கடலிலிருந்து முந்நூறு அடி தள்ளிக் குடியிருந்தும் அவள் மீனைத் தின்று பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன.

இதுவரை அதைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். இன்று பொறுக்க முடியவில்லை. மகள் கனிமலருக்குப் பெண் குழந்தை பிறந்து பதினெட்டு நாள். தாய்ப்பால் போதவில்லை. மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய பால்மாவு இரண்டு கரண்டிதான் மிச்சம். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு செய்து கொடுப்பதுதான் ஊர் வழக்கம். பால்சுறாவும் பால்மாவும் அவள் கூடையில் வராது.

அவள் நிறைகூடை அங்காடிக்குப் போனாள். ஊரில் இருப்பது அந்த ஒரு கடைதான். கிளை மேலாளர் அருளப்பன் பர்னாந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"தம்பி, கால் கிலோ பால்சுறா, ஒரு டப்பா பால்மாவு. பச்சப்புள்ள கத்துது."

"யக்கா, உங்க பட்டியல்ல இல்லையே."

"உங்க வீட்டுக்கு மட்டும் வாரவாரம் சீலா மீன் வருதாம்லா?"

"வருது. கூடவே ஐநூறு வாழையிலையும் ஒரு மூட்டை பிரியாணி அரிசியும் வருது. அளந்த மாசம் என் தங்கச்சிக்குக் கல்யாணம். மொய்க்கவர் மட்டும் மூணு பீரோ நெறஞ்சு கெடக்கு. அதைச் சொல்ல மாட்டீங்களே!"

அளந்த மாதம் என்பதை விளக்கியாக வேண்டும். ஒரு பல்பொருள் அங்காடிக்குப் பெரிய எதிரி பக்கத்துக் கடை அல்ல, நாளை யார் என்ன கேட்பார்கள் என்று தெரியாததுதான். கூடுதலாக வாங்கி வைத்தால் அழுகும், குறைவாக வைத்தால் ஆள் திரும்பிப் போவார். நிறைகூடையைத் தொடங்கிய உள்ளூர் வணிகர் செல்லப்பா இதற்காக ஒரு கருவியைப் பொருத்தினார். அதன் பெயர் முன்னறிவி. ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் எடைத்தட்டுகளையும் குளிர்பேழையையும் கவனித்து, அரிசி தீர்வதற்கு இரண்டு நாள் முன்பே அது கூடையை அனுப்பிவிடும். கடையில் எதுவும் வீணாகவில்லை, அதனால் விலை குறைந்தது. மூன்று கடைகள் இருநூற்று நாற்பது ஆயின. மற்ற கடைகள் மூடின. வலை கடலில் இறங்கும் முன்பே அதில் விழப்போகும் மீன் எந்த வீட்டுக்கு என்று முடிவாகியிருந்தது.

செல்லப்பா அதை மும்பை நிறுவனம் ஒன்றுக்கு விற்றார். அவர்கள் வெளிநாட்டு முதலீட்டு நிதியம் ஒன்றுக்கு விற்கப் போனபோது, வாங்குபவர்கள் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார்கள். கடைகளை விட முன்னறிவியின் கணிப்புக்குத்தான் இவ்வளவு விலை, அது மாறாது என்று எப்படி நம்புவது? மாறாது என்று விற்பவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வீடும் என்னென்ன வாங்குகிறது என்று ஒரு மாதம் அளக்கப்பட்டது. மாதத்தைத் தேர்ந்தெடுத்தது நிதியத்தின் தூர நாட்டு அலுவலகம். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை. அந்த மாதத்தில் இங்கே பாதி வீடுகள் பெருமாளுக்காகக் கவுச்சியை விட்டிருக்கும் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. இங்கே தெரிந்தவர்களை யாரும் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்தது பொய்யாகக் கூடாதே! அதனால் அன்று அளந்த பட்டியலைத் தாண்டி எதையும் கொடுப்பது நிறுத்தப்பட்டது. நிலைப்பட்டியல் என்று அதற்குப் பெயர்.

"உங்க மீன்ல ஒரு துண்டு தந்தா என்ன?" என்றாள் பேச்சித்தாய்.

"தரலாம். ராத்திரிக்குள்ள என் குளிர்பேழை காட்டிக் குடுத்துரும். அடுத்த மாசம் ரெண்டு வீட்டுக்கும் கூடை நின்னுபோகும்."

"அப்பம் ஓனர் யாருன்னு சொல்லுங்க. நான் பேசிக்கிடுதேன்."

அருளப்பன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீங்கதான்க்கா."

உண்மைதான். நிதியம் நொடித்தபோது நிறைகூடையை வாங்க ஆள் இல்லை. வாடிக்கையாளர் புள்ளிகளையெல்லாம் பங்குகளாக மாற்றி வீடுகளுக்கே கொடுத்துவிட்டார்கள். இப்போது நாலு லட்சம் வீடுகள் உரிமையாளர்கள். போன வருடம் அவர்களிடம் வாக்கெடுப்பும் நடந்தது. நிலைப்பட்டியல் வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் பங்கின் மதிப்பு பாதியாகும் என்று கீழே எழுதியிருந்தது.

"நீங்க என்ன அமுக்குனீங்க?"

பேச்சித்தாய் தலையைக் குனிந்தாள். முழங்கால் அறுவை சிகிச்சைக்கு அந்தப் பங்கைத்தான் நம்பியிருந்தாள். "இருக்கட்டும்னுதான்."

"நானும் அதான்."

அருளப்பன் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. கனிமலருக்குப் பட்டியல் உண்டா?"

இல்லை. மருமகன் சரக்குக் கப்பலில் பொறியாளர். வயிற்றில் ஏழாம் மாதம் ஆகும்வரை அவளும் கப்பலிலேயே இருந்தாள். கரையில் அவளுக்கென்று தனி வீடே கிடையாது.

"அப்பம் அவளையும் பிள்ளையையும் புது வீடா பதிஞ்சிரலாம். முப்பது நாள் அளப்பாங்க. அந்த முப்பது நாளும் என்ன வேணும்னாலும் எடுக்கலாம்."

"அதுக்குப் பொறவு?"

"எடுத்ததுதான். ஆயுசுக்கும்."

மாலையில் கனிமலர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கைரேகை வைத்தாள். அருளப்பன் ஒரு கதவைத் திறந்தார். கடையில் தட்டுகள் உள்ள ஒரே அறை அதுதான். புது வீடுகளுக்கு மட்டும் திறப்பது. சோப்பு, செருப்பு, மீன், பென்சில் என்று எல்லாம் அடுக்கியிருந்தன.

கனிமலர் முதலில் பால்மாவை எடுத்தாள். பிறகு பால்சுறா. குழந்தைச் சட்டையை எடுத்தவள் அதை விரித்துப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். ஒரு முழம்கூட இல்லை.

"யம்மா, இதையே எடுத்தா இவளுக்கு இதேதான் வரும்லா?"

"ஆமாட்டி."

அவள் சட்டையைத் தள்ளுவண்டியில் போட்டாள். ஆறு வயதுக்கான பாவாடை ஒன்று, கோடு போட்ட நோட்டு, மாதவிலக்கு அணையாடை, தாவணி. மூக்குக்கண்ணாடி வரிசையில் யோசித்து ஒன்றை எடுத்தாள். குழந்தை வீறிட்டது.

"புள்ளைக்குப் பசிக்குதுட்டி, சீக்கிரம் வா."

"எப்படிம்மா சீக்கிரம் வர?"

பேச்சித்தாயின் கைபேசி ஒலித்தது. 'உங்கள் நிறுவனத்தில் இன்று ஒரு புதிய வீடு சேர்ந்துள்ளது. உங்கள் பங்கின் மதிப்பு உயர்ந்துள்ளது. வாழ்த்துகள்.'

"யாரும்மா?"

"கடைக்காரங்க" என்று சொல்லி அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கனிமலர் செருப்புத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் எண்ணிலிருந்து பத்தாம் எண் வரை வரிசையாக இருந்தன. குழந்தையின் பாதத்தை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். அது அவள் கட்டைவிரல் நீளம் இருந்தது.

"வளர்ந்தா எந்த அளவும்மா வரும் இவளுக்கு?"

பேச்சித்தாய் தன் செருப்பைக் கழற்றி, அடிப்பக்கத்தில் தேய்ந்திருந்த எண்ணைப் படிக்க முயன்றாள்.